மொட்டைமாடி அறையில் ஒரு குலவை

மியூசிக் புரொட்யூசர் என்று என்னைச் சொல்லிக்கொண்டால், எங்கள் பக்கத்தில் "சினிமாவுலயா?" என்று கேட்பார்கள். இல்லை என்றதும் முகத்தில் ஒரு பரிதாபம் வரும். பிறர் எழுதிய பாட்டுக்கு மெட்டுக் கட்டி, தாளம் சேர்த்து, குரலைப் பதிந்து, நாலு பேர் கேட்கிற மாதிரி ஆக்கிக் கொடுப்பது என் வேலை. சென்னை ஸ்டுடியோக்களில் எடுபிடியாக இருந்து கற்றுக்கொண்டு, பெரியகுளத்துக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டு மொட்டைமாடி அறையில் சொந்தமாகத் தொடங்கினேன்.

அம்மா பள்ளி ஆசிரியை. வேலை என்றால் காலையில் கிளம்பிப் போய் மாலையில் களைத்துத் திரும்ப வேண்டும் என்பது அவள் கணக்கு. நானோ செருப்புகூடப் போடாமல் வேலைக்குப் போகிறவள். அந்த அறை வாசலில்தான் அம்மா மோர்மிளகாய் காயப்போடுவாள். உள்ளே மட்டும் எட்டிப் பார்க்க மாட்டாள். நாங்கள் கத்தோலிக்கர்கள், ஊர்ப் பேச்சில் வேதக்காரர்கள். வீடு கட்டியபோது பங்குச் சாமியாரை வைத்து மந்திரித்து, பால் காய்ச்சிக் குடிவந்தோம். அறைக்கும் அப்படிச் செய்வோமா என்று கேட்டதற்கு, "நெலைக்காத வேலைக்கு எதுக்கு அதெல்லாம்?" என்றாள். எனக்கு வலித்தது. வீரபாண்டி அம்மன் கோயில் திருவிழாவுக்குள் இந்தப் பக்கத்து ஆட்களிடம் ஒரு வேலையாவது வாங்கி முடித்துக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் நான் பி.எட். சேர வேண்டும் என்று எங்களுக்குள் பேச்சு. எந்தக் கல்லூரி என்பதுகூட அம்மாவுக்கு முடிவாகியிருந்தது.

வேலை வந்தது. ஜெயமங்கலத்தில் டிராக்டர் வைத்திருக்கும் ஒரு அண்ணன், அம்மன் மேல் பாட்டு எழுதிக்கொண்டு வந்தார். வேதக்காரப் பெண் இதற்கு இசை போடலாமா என்று நான்தான் யோசித்தேன். அவருக்கு அந்த யோசனையே இல்லை. "திருவிழாவுக்கு முன்ன பாட்டு வெளிய வரணும், அம்புட்டுத்தேன்" என்றார்.

பாட்டு நன்றாகவே வந்தது. நடுவில் குலவை வேண்டியிருந்தது. இணையத்தில் கிடைத்த ஒரு குலவைச் சத்தத்தைச் சேர்த்து அனுப்பினேன். அண்ணன் போனில் கூப்பிட்டார். "இது எந்த ஊருப் பொம்பளைக? நம்ம பக்கத்துக் குலவை இல்லையே. இதத்தேன் போடுவேன்னா பாட்ட வேற எடத்துல குடுத்துக்கிறேன்" என்றார். எனக்குக் கோபம் வந்தது. இன்னொரு முறை கேட்டுப் பார்த்தபோது அவர் சொன்னது சரி என்று பட்டது. கோபம் இன்னும் கூடியது.

மறுநாள் அவரே தன் தெருப் பெண்களை ஷேர் ஆட்டோவில் அனுப்பிவைத்தார். அவர்களை மைக்குக்கு முன்னால் நிறுத்தி, கையைக் காட்டினால் குலவை போடச் சொன்னேன். காட்டினேன். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

அவர்களில் மூத்தவர் சங்கடத்தோடு சொன்னார்: "சும்மா எப்படித்தா போடுறது? சாமி பொறப்படணும், இல்ல ஒரு நல்லது நடக்கணும். ஒண்ணுமில்லாம போட்டா ஆகாது."

"பாட்டு அம்மனுக்குத்தான?"

"அம்மன் இங்கன இல்லையே தாயி." அறையைச் சுற்றிப் பார்த்தார். "ரூமு புதுசா இருக்கு. பால் காய்ச்சுனியா?"

இல்லை என்றேன்.

"அப்பக் காய்ச்சு. அதுக்குப் போடுறோம்."

கீழே போய் அம்மாவிடம் பால் கேட்டேன், எதற்கு என்றும் சொன்னேன். சற்று நேரத்தில் அவளே பால் சட்டியும் கரண்ட் அடுப்புமாக மாடியேறி வந்தாள். வீடு தேடி வந்தவர்களுக்கான மரியாதை என்றுதான் நினைத்தேன். அறைக்குள் வந்ததும் சிலுவை போட்டுக்கொண்டு பாலை அடுப்பில் வைத்தாள். சத்தம் பதிந்துவிடக் கூடாதென்று மின்விசிறியை நிறுத்தியிருந்ததால் எல்லோருக்கும் வேர்த்துக் கொட்டியது. பால் பொங்கி வழிந்தது. குலவை கிளம்பியது. அந்தச் சின்ன அறையில் அதைக் கேட்க எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

அடங்கியதும் கணினியைப் பார்த்தேன். பதிவுப் பொத்தானை நான் அழுத்தவே இல்லை. பால் வழிந்து மைக் வயரில் பட்டுவிடுமோ என்று சட்டியையே பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறேன்.

இன்னொரு தடவை போடச் சொல்லிக் கேட்டேன். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அதேன் பால் பொங்கிருச்சே தாயி. இனி எதுக்குன்னு போடுறது?" என்றார் மூத்தவர். மற்றவர்கள் சேலையை உதறிக்கொண்டு கிளம்பத் தயாரானார்கள். பி.எட். வகுப்பில் நான் உட்கார்ந்திருப்பது கண்ணுக்குத் தெரிந்தது.

அம்மா வழிந்த பாலைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே பேசினாள்.

"எம்மக தொழில் ஆரம்பிச்சிருக்கா. நம்ம பக்கத்து ஆளுக நம்பி மொத வேலயக் குடுத்திருக்காக. அது நல்லதில்லையா? அதுக்குப் போடுங்க."

தொழில் என்று அம்மா வாயால் அதுவரை நான் கேட்டதில்லை. திரும்பிக்கூடப் பார்க்காமல் பொத்தானை அழுத்தினேன். பார்த்தால் அழுதுவிடுவேன் என்று பயமாக இருந்தது. கையைக் காட்டவும் மறந்துபோனேன். யாரும் அதற்குக் காத்திருக்கவில்லை. ஈரத் துணியைக் கையில் பிடித்தபடி, முதல் குலவையைப் போட்டது அம்மாதான்.