உதடு படாமல்

முதலில் மூக்கை வைக்கச் சொன்னார். எனக்கு வரவில்லை.

மாமல்லபுரத்தில், கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளி, ஒரு மாடி வீடு. மேசைமேல் சின்ன வெள்ளைப் பீங்கான் கிண்ணம், அடியில் நீல நிறத்தில் இரண்டு வளையங்கள். அதில் தண்ணீர் போலவே இருக்கும் ஒன்றை ஊற்றிவிட்டு, குடிக்கும் முன் முகர்ந்து பார் என்று சைகை காட்டினார் என் ஜப்பானிய நண்பர். சாக்கே. அரிசியில் செய்த மது. நான் கிண்ணத்தைக் கையில் ஏந்திக்கொண்டு, மூக்கை எங்கே கொண்டுபோவது என்று தெரியாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

காரணம் அப்பா. கோயில் மடைப்பள்ளியில் சமைத்தவர். சாமிக்குப் படைப்பதை முன்னால் ருசி பார்க்கக் கூடாது என்பது எல்லாருக்கும் தெரியும். முகர்ந்தும் பார்க்கக் கூடாது என்பது எங்களைப் போன்ற வீடுகளில் வளர்ந்தவர்களுக்குத்தான் தெரியும். மூக்கில் ஏறிய வாசனையும் எச்சில்தான். மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு புளியோதரை கிளறுவார் அப்பா. உப்பின் அளவைக் கைதான் சொல்ல வேண்டும். வீட்டிலும் அதே சட்டம். தண்ணீரை அண்ணாந்துதான் குடிப்போம். உதடு பட்ட தம்ளர், கழுவப்படும் வரை குற்றவாளி மாதிரி ஓரமாக நிற்கும்.

இதிலிருந்தெல்லாம் வெளியே வந்து முப்பது வருடம் ஆகிறது. எதையும் நம்புகிறவன் இல்லை நான். ஆனால் நம்பிக்கை போன பிறகும் கழுத்து தானாக அண்ணாந்துகொண்டுதான் இருக்கிறது.

நண்பர் என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். செங்கல்பட்டுப் பக்கம் கார் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பிரிவுக்கு வந்தவர். அங்கே என் வேலை, இயந்திரக் கையேடுகளையும் எச்சரிக்கைப் பலகைகளையும் தமிழில் எழுதுவது. கவிதை எழுதுகிற கையால் பகலெல்லாம் ‘உள்ளே விரலை விடாதீர்’ என்று எழுதிக்கொண்டிருப்பேன். அவருக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவர் ஒரு ஃபிட்டர். அதனால் அவர் வாயில் வருவது சுத்தமான செங்கல்பட்டுத் தமிழ். மேலாளரைப் பார்த்தும், “இன்னா அண்ணாத்த, நாஸ்தா ஆச்சா?” என்றுதான் கேட்பார். தொழிலாளர்கள் அவரை ஜப்பான் நைனா என்றார்கள்.

அந்த முதல் ஞாயிற்றுக்கிழமை மதியம் நான் முகராமலே விழுங்கினேன். ஒன்றும் தெரியவில்லை. கொஞ்சம் சூடு, கொஞ்சம் கசப்பு, அவ்வளவுதான். இதற்கா கடல் தாண்டி வந்தாய் என்று தோன்றியது.

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “மூக்கு எங்க அண்ணாத்த? வூட்ல வச்சிட்டு வந்துட்டியா?”

மூன்றாவது ஞாயிறுதான் மூக்கு இறங்கியது. இறங்கியதும் திகைத்துவிட்டேன். அரிசி களைந்த தண்ணீர். அதற்குப் பின்னால் நன்றாகப் பழுத்த வாழைப்பழம். அதற்கும் பின்னால், பெயர் சொல்ல முடியாத ஓர் ஈரம், வெயில் காலத்தில் முதல் தூறல் விழுந்த சிமெண்ட் தரை போல. பழம் என்று ஒன்றும் இதில் போடவில்லையாம். அரிசி, தண்ணீர், அரிசியின்மேல் வேண்டுமென்றே வளர்த்த ஒரு பூஞ்சணம், ஈஸ்ட். வாழைப்பழம் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். அதுவா வந்துகினு கீது, என்றார்.

பிறகு பல ஞாயிறுகள். அந்த வாசனைக்காரனைக் குளிர்ச்சியாகக் குடிக்க வேண்டும், சூடாக்கினால் வாசனை ஓடிவிடும். அவருடைய ஊரான ஷிகோகு தீவிலிருந்து வரும் இன்னொரு புட்டி, மீனவர்கள் குடிப்பது. வாசனையே கிடையாது, முரடு. அதைக் காபி போடும் பாத்திரத்தில் வெந்நீர் வைத்து, சின்னக் குடுவையோடு உள்ளே நிறுத்திச் சூடாக்குவார். விரலால் தொட்டுப் பார்ப்பார். இளஞ்சூட்டில் அந்த முரடு அப்படியே தளர்ந்து, வடித்த சோற்றின் ஆவியாக மாறி முகத்தில் படும். வெளியே கல் செதுக்கும் உளிச் சத்தம். வறுத்த நெத்திலியை நான் கொண்டுபோயிருப்பேன், கடையில் வாங்கியதுதான், வீட்டில் மீன் நுழையாது. ஒரு விதி மட்டும் அவர் விடவே மாட்டார்: நம் கிண்ணத்தில் நாமே ஊற்றிக்கொள்ளக் கூடாது. எனக்கு அவர், அவருக்கு நான். எதிராளியின் கிண்ணம் காலியாகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். மனிதர்களை நான் அவ்வளவு கவனமாகப் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது.

ஒரு சனிக்கிழமை மதுராந்தகத்தில் ஒரு ரைஸ் மில்லுக்கு அழைத்துப்போனேன். நல்ல சாக்கேவுக்கு அரிசியைப் பாதி அளவுக்குத் தேய்த்துவிடுவார்கள், மேல்பாகம் எல்லாம் போய் நடு வெள்ளை மட்டும் மிஞ்சும் என்று சொல்லியிருந்தார். நம்மூர் அரிசி தாங்குமா என்று பார்க்க ஆசை. மில்காரரிடம் விஷயத்தைச் சொன்னதும் அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“பாதிய தேச்சி எறிஞ்சிட்டா இன்னாத்த துன்றது? அரிசிய வீணாக்கறதுக்கா மெஷின் வச்சிகினு கீறேன் நானு?”

“தவுடு மாட்டுக்கு அண்ணாத்த,” என்றார் நண்பர். “சாறு மன்சனுக்கு.”

மில்காரர் சிரித்துவிட்டார். ஐந்து கிலோ கொட்டி, மறுபடி மறுபடி ஓட்டினார். நான்காவது முறையிலேயே அரிசி சூடேறி உடைந்து நொய்யாகிவிட்டது. நண்பர் ஒரு பிடி அள்ளி வெளிச்சத்தில் பார்த்தார். அவர் ஊரில் இந்த வேலைக்கு இயந்திரம் இரண்டு நாள், மூன்று நாள் மெதுவாக ஓடுமாம். அவசரப்பட்டால் நடு உடையும் என்றார். அந்த நொய்யில் என் மனைவி உப்புமா கிளறினாள். சாப்பிட வந்தவர், சமையலறையில் பொங்கி நின்ற இட்லி மாவைப் பார்த்ததும் நேராகப் போய்க் குனிந்து மூக்கை வைத்துவிட்டார். என் மனைவி பள்ளி ஆசிரியை. ஒழுங்கு மீறுகிறவர்களைப் பார்க்கிற பார்வை ஒன்று அவளுக்கு உண்டு. ஆனால் அவர் நிமிர்ந்து, தன் மைத்துனர் சாக்கே வடிக்கிற கூடத்தில் இதே வாசம்தான் அடிக்கும் என்று சொன்னதும் அந்தப் பார்வை கரைந்தது. “குடிக்கிறதுன்னா இவரோட குடிங்க,” என்றாள் என்னிடம். “ஆனா அந்தக் கிண்ணம் நம்ம சிங்க்குக்கு வரக் கூடாது.”

ஒப்பந்தம் முடிந்து அவர் நாடு திரும்பும் நாள் வந்தது. வியாழக்கிழமை விமானம். அதற்கு முந்தின ஞாயிறு மதியம் என்னையும் அந்த ஃபிட்டரையும் அழைத்திருந்தார். அவர் ஊர் வழக்கம் ஒன்றை முன்பே சொல்லியிருந்தார்: நெருங்கினவர்கள் பிரியும்போது ஒரே கிண்ணத்தில் குடிப்பார்கள். தான் குடித்த கிண்ணத்தையே நீட்டி, அதில் ஊற்றித் தருவார்கள். வாங்கினவர் குடித்துவிட்டு, அதே கிண்ணத்தில் ஊற்றித் திருப்பித் தர வேண்டும்.

ஆகவே எனக்குத் தெரியும். தெரியாமல் நடந்தது என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை.

அவர் குடித்தார். விளிம்பில் அவர் உதட்டின் ஈரம் ஒரு பிறை போல மின்னியது. இரண்டு கையாலும் நீட்டினார், நானும் இரண்டு கையாலும் வாங்கினேன். ஊற்றினார். பிறகு என் கழுத்து அண்ணாந்தது. கை கிண்ணத்தை உயரத் தூக்கியது. உதடு படாமல், அரை அடி மேலிருந்து, செம்புத் தண்ணீர் மாதிரி ஊற்றிக்கொண்டேன். பாதி சட்டையில் சிந்தியது. வாசனை என்று ஒன்றும் இல்லை.

தலையை இறக்கியபோது அவர் முகத்தில் ஒன்றும் இல்லாமல் இருந்தது. கிண்ணத்தை வாங்கி மேசைமேல் கவிழ்த்தார். “தேங்க் யூ வெரி மச்,” என்றார். அவர் என்னிடம் ஆங்கிலம் பேசி ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. அதன் பிறகு அந்த மதியம் முழுவதும் ஆங்கிலம்தான். சாப்பாடு முடிந்ததும் முதலில் கிளம்பியவன் நான்.

மறுநாள் கேன்டீனில் ஃபிட்டர் வந்து எதிரே உட்கார்ந்தார்.

“ஒண்ணு சொல்றேன், தப்பா நெனச்சிக்காத அண்ணாத்த. நீ போனப்புறம் நைனா கேட்டாரு. எனக்கு எதனா சீக்கு கீதுன்னு நெனச்சிகினாரா, இல்ல என்னக் கீழ்ன்னு நெனச்சிகினாரான்னு.”

நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன்.

“நான் இன்னா சொல்றது? எங்க வூட்ல ஒரே சொம்புல ஆறு பேரு வாய் வச்சிக் குடிப்போம்.” டீயை ஒரு வாய் உறிஞ்சினார். “ஆனா உங்காளுங்க எங்க தெருப் பக்கம் வந்து தண்ணி கேட்டா எப்டி குடிப்பாங்கன்னு சின்ன வயசுல பாத்துகிறேன். அத்த நைனாகிட்ட சொல்லல. ஊரு மானம் எதுக்கு போவணும்?”

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

இரண்டு நாட்கள் ஒரு கடிதத்தோடு மல்லுக்கட்டினேன். எச்சில் என்பதை ஆங்கிலத்தில் எழுதினால் சுகாதாரத் துறை அறிக்கை போல வந்தது. அப்பாவைப் பற்றி எழுதினால் அப்பாமேல் பழியைப் போட்ட மாதிரி இருந்தது. இது எங்கள் வழக்கம், உங்களைப் பற்றியது அல்ல என்று எழுதிப் பார்த்தேன். ஃபிட்டரின் முகம் வந்து அந்த வரியின்மேல் உட்கார்ந்துகொண்டது. யாரைப் பற்றியும் இல்லாமல் ஒரு வழக்கம் எங்கே இருக்கிறது? எழுதின மூன்றும் கடைசியில் எச்சரிக்கைப் பலகையாகத்தான் முடிந்தன. ஒரு மனிதர், நான் அவரை அசுத்தம் என்று நினைத்ததாக நம்பிக்கொண்டே விமானம் ஏறப்போகிறார். எனக்கு மிஞ்சியது புதன்கிழமை ஒன்றுதான்.

மனைவி விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, பேனாவை வைக்காமலே சொன்னாள்.

“கல்யாணமான புதுசுல நீங்க சாப்பிட்ட இலைல நான் சாப்பிட்டேன். உங்கம்மா உக்கார வச்சாங்க. என் இலைல நீங்க ஒரு பருக்கை எடுத்திருக்கீங்களா?”

அவள் அடுத்த விடைத்தாளை எடுத்தாள்.

“விளக்கம் எல்லாம் வேணாம். போய் வாய் வச்சிக் குடிச்சிட்டு வாங்க.”

புதன்கிழமை அரைநாள் விடுப்பு போட்டுவிட்டு, திருக்கழுக்குன்றம் வழியாகப் பஸ் பிடித்துப் போனேன். வீடு முழுக்க அட்டைப்பெட்டிகள். அவர் மரியாதையாக உட்காரச் சொன்னார். டீ வேண்டுமா என்று ஆங்கிலத்தில் கேட்டார். வேண்டாம், சாக்கே இருக்கிறதா என்றேன்.

இருந்தது. முரட்டுப் புட்டியில் பாதி, பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுக்க எடுத்து வைத்திருந்தார். இரண்டு கிண்ணங்களைக் கொண்டுவந்தார். ஒன்றை நான் ஓரமாகத் தள்ளினேன். மற்றொன்றில் அவருக்கு ஊற்றினேன். அவர் புரிந்துகொண்டார், ஆனால் எடுக்கவில்லை.

“வேணாம் அண்ணாத்த,” என்றார். தமிழ் திரும்பி வந்துவிட்டது, குரல்தான் இன்னும் வரவில்லை. “உனக்கு கஷ்டம்.”

“கஷ்டந்தான்,” என்றேன். “சீக்கு எனக்குத்தான். உங்களுக்கு இல்ல.”

அதோடு நிறுத்திக்கொண்டேன். அப்பாவை இழுக்கவில்லை. சாமி சாப்பிட்டதைப் பிரசாதம் என்று கண்ணில் ஒற்றிக்கொள்கிறோம், மனிதன் சாப்பிட்டதை எச்சில் என்று தள்ளிவைக்கிறோம் என்று பஸ்ஸில் யோசித்துவைத்த அழகான வாக்கியத்தையும் சொல்லவில்லை. இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு காத்திருந்தேன். கடல்காற்றில் ஒரு பெட்டியின் மூடி தட்டிக்கொண்டே இருந்தது.

அவர் கிண்ணத்தை எடுத்துக் குடித்தார். துடைக்காமல் தந்தார். ஊற்றினார்.

சூடாக்காத சாக்கே. மூக்கை வைத்தேன்: சோறு, உப்பு, அவர் மூச்சு. விளிம்பு உதட்டில் பட்டது, வெதுவெதுப்பாக. ஒரு வாய் உறிஞ்சினேன். ஒரு கணம் அது இறங்காது என்றே நினைத்தேன். கழுத்து பின்னால் போகப் பார்த்தது, போகவிடாமல் பிடித்துக்கொண்டேன். பிறகு இறங்கியது.

“எப்டி கீது?” என்றார்.

“பயமா கீது.”

அவர் சிரிக்க ஆரம்பித்தார். முதலில் சத்தமில்லாமல் தோள் மட்டும் குலுங்கியது, பிறகு நன்றாகவே. கண்ணைத் துடைத்துக்கொண்டு கையை நீட்டினார், நான் ஊற்றித் தர வேண்டிய முறை. ஊற்றினேன். குடித்தார். எனக்கு ஊற்றினார். இரண்டாவது முறை தொண்டை கொஞ்சம்தான் முரண்டியது. மூன்றாவதில் சாக்கேயின் ருசி தெரிந்தது: உலர்ந்த, நேரான ருசி, நாக்கின் ஓரத்தில் மட்டும் ஒரு துளி இனிப்பு. இவ்வளவு நாள் அந்த இனிப்பை எப்படித் தவறவிட்டேன் என்று கேட்டேன். அது கடைசியில்தான் வரும் என்றார், புட்டி திறந்து நாளான பிறகு.

மில்காரரைப் பற்றிப் பேசினோம். உடைந்த அரிசியைப் பற்றிப் பேசினோம். அவர் ஊரில் எந்த மாதம் மீன் கொழுக்கும் என்று சொன்னார். வெயில் தாழ்ந்து அட்டைப்பெட்டிகளின்மேல் ஏறியது. பேச்சின் நடுவில் குனிந்து பார்த்தால் கிண்ணம் மேசையின் மத்தியில், நிரம்பி, நின்றுகொண்டிருந்தது. யார் ஊற்றியது, யார் குடிக்க வேண்டும் என்று தெரியவில்லை. யாருடைய முறை என்று அவரைக் கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை.