அவர் மடித்து வைத்த தாள்

தாம்பரத்திலிருந்து நான் கல்லூரிக்குப் பாடம் நடத்தச் செல்லும் மின்சார ரயிலில், அவர் குரோம்பேட்டையில் ஏறுவார். ஒல்லியான மனிதர், சட்டைப் பொத்தான்களைக் கழுத்துவரை போட்டிருப்பார். கேபிள் டிவி வந்த புதிது அது. பனித்தரையில் சறுக்கி ஆடும் போட்டிகளை எங்கள் பெட்டியில் வருபவர்களில் அவரும் நானும் மட்டுமே வீட்டு டிவியில் பார்த்துவந்தோம். நடுவர்களின் மதிப்பெண் திரையில் தோன்றுமுன் தம் மதிப்பெண்ணை ஒரு தாளில் குறித்துவிடுவது அவர் வழக்கம். என்னையும் அதற்குப் பழக்கியிருந்தார்.

இளையோர் ஆண்கள் போட்டி நடந்த மறுநாள், என் தாளை வாங்கிப் பார்த்தார்.

"முதல் தாவல்லயே விழுந்தவனுக்கு ஆறுக்கு அஞ்சரையா சார்? ரொம்ப தாராளம்."

"எழுந்து முழுசா ஆடினானே, அதுக்குத்தான்" என்றேன்.

எதிரே சீட்டாடிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். "இன்னா சார், ஜிகினா சட்டை போட்டுகினு வழுக்கி வுழுற பசங்களையா பாத்துகினு கீறீங்க? காலேஜ் வாத்தியாருமா?"

பெட்டியே சிரித்தது. அவர்களில் இருவருடைய மகன்கள் என் மாணவர்கள்.

"நான் அதெல்லாம் பாக்கறதில்லை. இவர் சொல்லிட்டிருந்தார், மரியாதைக்குக் கேட்டேன்" என்றேன்.

என் கையெழுத்தில் இருந்த தாள் அவர் கையில்தான் இருந்தது. அதை நீட்டியிருந்தால் போதும். அவரோ நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"ஆமாங்க, சாருக்கு இதெல்லாம் தெரியாது. எனக்குத்தான் இந்தப் பைத்தியம்."

சிரிப்பு முழுவதும் அவர்மீது திரும்பியது. நானும் சிரித்தேன்.

மறுநாளும் என் அருகில்தான் உட்கார்ந்தார். "குட் மார்னிங் சார்" என்றார். நான் ஓய்வுபெறும்வரை அவர் என்னிடம் அதற்குமேல் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அந்தத் தாளை அவர் திருப்பித் தரவில்லை. கேட்கும் துணிவு எனக்கு வரவுமில்லை.