பதினேழும் நாற்பத்திரண்டும்

அரியலூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே நான் வேலை பார்க்கும் நெட் சென்டரின் கண்ணாடிக் கதவில் ஒரு போஸ்டர் ஒட்டியிருக்கிறது. வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு பெண் கண்ணாடிக் குழாய் ஒன்றைத் தூக்கிப் பிடித்துச் சிரிக்கிறாள். 'முதல் தலைமுறைப் பட்டதாரிகளே, பட்டியலின மாணவர்களே, மருத்துவ ஆராய்ச்சிக்கு வாருங்கள்' என்று அவள் தலைக்கு மேல் கொட்டை எழுத்தில் இருக்கிறது. அவள் பெயர் வெற்றிச்செல்வி. என் தெருக்காரி, என்னோடு படித்தவள். அது மூன்று வருஷத்துக்கு முந்தைய சிரிப்பு. முதலாளி ஒட்டச் சொன்னதால் ஒட்டினேன். என் இஷ்டத்துக்கு விட்டிருந்தால் அது அன்றைக்கே அடுப்புக்குள் போயிருக்கும்.

எங்கள் ஊர் ஆலங்குழி, செந்துறையிலிருந்து உள்ளே போக வேண்டும். காலனித் தெருவில் நாற்பது வீடு. தாத்தா காலம் வரைக்கும் எல்லாரும் அடுத்தவர் நிலத்தில் வேலை பார்த்தவர்கள்தான். இப்போது கொத்தனார், எலக்ட்ரீசியன், டிரைவர், என்னைப் போல மவுஸ் பிடிக்கிறவர்கள் என்று ஆளுக்கொரு பக்கம். வெற்றியின் அப்பா ராசாங்கம் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறார். நானும் வெற்றியும் பெரம்பலூரில் பி.எஸ்சி. உயிரித் தொழில்நுட்பம் படித்தோம். செந்துறையில் ஒரு பஸ், அரியலூரில் இன்னொரு பஸ். மூன்று வருஷமும் முக்கால்வாசி நின்றுகொண்டே போனோம். நான் படிப்பை முடித்ததோடு சரி. அவள் அப்படியில்லை. அவளுக்கு ஒரு கேள்வி இருந்தது.

எங்கள் தெருவில் ஐந்து பேருக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அதில் ஒருவன் வெற்றியின் சித்தப்பா தங்கராசுவின் மகன் சக்தி. பைக் மெக்கானிக், கையை வண்டிமேல் வைத்துப் பார்த்தே இன்ஜின் கோளாறைச் சொல்லிவிடுவான். அவன் தங்கை மணிமொழிக்கு ஊசி விழுந்தாலும் கேட்கும். ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு பேரில் ஒருவனுக்கு மட்டும் ஏன் இப்படி என்று சின்ன வயதிலிருந்தே வெற்றி கேட்டுக்கொண்டிருந்தாள். தெருவில் சாமி குத்தம் என்றார்கள். அந்தப் பதில் அவளுக்கு ஒரு நாளும் போதவில்லை.

கடைசி வருஷம் எங்கள் கல்லூரிக்கு ஜெயசித்ரா மேடம் வந்தார். சென்னையில் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தில் விஞ்ஞானி. மைக்கைப் பிடித்ததும் சொன்னார்: "நானும் இந்தப் பக்கத்துப் பொண்ணுதான். இதே பஸ்ல தொங்கிட்டுப் போயிப் படிச்சவதான். ஆராய்ச்சியெல்லாம் நமக்கு இல்லன்னு யாரு சொன்னா? நம்ம புள்ளைங்க வரலன்னா நம்ம நோய்க்கு யாரு மருந்து கண்டுபிடிப்பா?" எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. பக்கத்தில் வெற்றிக்குக் கண் கலங்கிவிட்டது. நம்மில் ஒருத்தி அந்த இடத்துக்குப் போயிருக்கிறாள் என்று அத்தனை சந்தோஷம். அந்தப் பேச்சை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

ஒரு வருஷப் பயிற்சிக்கான விண்ணப்பத்தை நான்தான் நிரப்பினேன். அப்போதுதான் இந்தக் கடையில் சேர்ந்திருந்தேன். சாதிச் சான்றிதழை ஸ்கேன் செய்து, அளவு பெரிசு என்று அது மூன்று தடவை திரும்பி வந்து, ஒருவழியாக ஏற்றினேன். 'ஏன் ஆராய்ச்சி செய்ய விரும்புகிறீர்கள்?' என்று ஒரு கட்டம் இருந்தது. வெற்றி யோசிக்கவேயில்லை. 'என் சித்தப்பா மகனுக்குக் காது கேட்காது. ஏன் என்று எனக்குத் தெரிய வேண்டும்' என்று எழுதச் சொன்னாள். அந்த இரண்டு வரிக்காகத்தான் அவளை எடுத்தார்கள் என்பது பிறகுதான் எங்களுக்கு உறைத்தது.

சென்னையில் ஆறு மாதம் வேலை கற்றாள். அப்புறம் மேடத்தின் குழு ரத்தம் எடுக்க எங்கள் தெருவுக்கே வந்தது. முதல் நாள் கார் வந்து நின்றதும் தெருவே கதவைச் சாத்திக்கொண்டது. கிட்னி திருட வந்திருக்கிறார்கள் என்று யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள். மேடம் வெற்றியைத் தனியே கூப்பிட்டு, "நீதாம்மா பாத்துக்கணும்" என்றார். மறுநாள் அவள் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வீடு வீடாக ஏறினாள்.

ராசாங்கத்தைக் கூட்டிக்கொண்டு போனதில் காரணம் உண்டு. எங்கள் தெருவில் சாவு விழுந்தால் உறவுக்காரர்கள் கொண்டுவரும் கோடித்துணியை முறைப்படி பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர் அவர்தான். பிறந்த வீடு, மாமன், சம்பந்தி என்று வரிசை இருக்கிறது. ஒரு பெயர் விட்டுப்போனால் போதும், அந்த ஆள் துணியைச் சுருட்டிக்கொண்டு போய்விடுவான், பத்து வருஷத்துக்குப் பேச்சு இருக்காது. முப்பது வருஷமாக ராசாங்கம் ஒரு பெயரைக்கூட விட்டதில்லை. எங்கள் தெருவில் அதைவிடப் பெரிய மரியாதை எதுவும் கிடையாது.

யார் யாருக்கு என்ன உறவு என்று குழுவில் இருந்தவர்கள் கேட்டு எழுதினார்கள். மூன்று தலைமுறைக்கு மேல் ஓடவில்லை. ராசாங்கம் சாவுகளை வைத்தே சொன்னார். "பெரியாயி செத்தப்ப பொறந்த வூட்டுக் கோடி குன்னத்துலேந்து வந்துச்சு. அப்ப அது குன்னத்துப் பொண்ணு. அதுக்குத் தங்கச்சியத்தான் நம்ம மேல வூட்டுல கட்டிருக்கு. எழுதிக்க பாப்பா." இப்படியே ஆறு தலைமுறை போனார். வெற்றி நீள நோட்டில் பெண்ணுக்கு வட்டமும் ஆணுக்குச் சதுரமுமாக வரைந்துகொண்டே வந்தாள். அதைப் பார்த்த மேடம், "இது தங்கச் சுரங்கம்" என்றார்.

ஒவ்வொரு வீட்டிலும் வெற்றி இரண்டு வாக்குக் கொடுத்தாள். "ஒங்க பேரோ ஊரோ வெளிய வராது. ரிசல்ட்டு வந்ததும் நானே வந்து சொல்லுவேன்." மேடம் சொன்னதைத்தான் அவள் சொன்னாள். அறுபத்தொரு பேர் கை நீட்டினார்கள். குழாய்களில் எண் மட்டும்தான். எந்த எண் யார் என்பது வெற்றியின் நோட்டில் மட்டும். "விதிப்படி அது எங்க யாருக்கும் தெரியக்கூடாது, நீயே வச்சிரு" என்று மேடமே சொல்லியிருந்தார். நான் முப்பத்தொன்று. மணிமொழி பதினேழு.

பயிற்சி முடிந்து, வெற்றி பெரம்பலூரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். மேடம் சீக்கிரமே கூப்பிடுவதாகச் சொல்லியிருந்தார். எட்டு மாதம் கழித்து அந்த ஆராய்ச்சிக் கட்டுரை வெளிவந்திருப்பது தெரிந்து, வேலை முடிந்து ஓடிவந்தாள். நான் பிரின்ட் எடுத்தேன். முதல் பக்கத்தில் ஏழு பெயர். மேலிருந்து கீழே ஒரு தடவை, கீழிருந்து மேலே ஒரு தடவை பார்த்தோம். ஏழில் ஒன்று, கடைசி நாள் பிரியாணி சாப்பிட மட்டும் காரை விட்டு இறங்கிய ஒரு பையனுடையது. வெற்றியின் பெயர் இல்லை. கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் 'உள்ளூர்க் களப்பணியாளருக்கு நன்றி' என்று ஒரு வரி.

நான் கன்னாபின்னாவென்று கத்தினேன். அவள் கத்தவில்லை. "எங்கப்பா ஒரு எழவுல பேரு வுட்டா ஒத வாங்கியிருப்பாருடி" என்றாள். அப்புறம், "போவட்டும், ரிசல்ட்டு அனுப்புவாங்கல்ல, அது போதும்" என்றாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

உள்ளே இருந்த விஷயம் இதுதான். காதைக் கெடுக்கும் பழுது ரத்தவழியில் வருகிறது. அம்மா பக்கமும் அப்பா பக்கமும் இரண்டும் சேர்ந்து வந்தால்தான் பிள்ளைக்குக் காது கேட்காது. ஒரு பக்கம் மட்டும் வந்தால் அந்த ஆளுக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் உள்ளே இருக்கும். அறுபத்தொரு பேரில் இருபத்து மூன்று பேருக்கு உள்ளே இருக்கிறது. அந்த இருபத்து மூன்று பேர் யார் என்பதுதான் எங்களுக்கு வேண்டியது.

ரிசல்ட்டு வரவில்லை. அதற்கு முன்னால் பேப்பரில் செய்தி வந்தது. 'ஒரே தெருவில் ஐந்து பேருக்குச் செவித்திறன் இல்லை, பரம்பரைக் கோளாறு என விஞ்ஞானி தகவல்' என்று தலைப்பு. உள்ளே ஆலங்குழி என்று ஊர்ப் பெயர், காலனித் தெரு என்று அடையாளம். மேடத்தின் பேட்டி. கூடவே, குழாயடியில் சக்தி நிற்கிற படம். அது வெற்றியின் போனில் எடுத்தது. வேலை எப்படிப் போகிறது என்று காட்ட மேடத்துக்கு வாட்ஸப்பில் அனுப்பியிருந்தாள்.

அந்த மாதம்தான் மணிமொழிக்குத் திருமழபாடியில் ஒரு மாப்பிள்ளை பேசி முடித்திருந்தார்கள். சொந்தமில்லாத வெளிக் குடும்பம், நல்ல இடம். மாப்பிள்ளை வீட்டிலிருந்து பேப்பரோடு ஆள் வந்தார். "படத்துல இருக்கறது பொண்ணோட அண்ணன்தானுங்களே?" என்று கேட்டுவிட்டு, கொடுத்த காப்பியைக்கூடக் குடிக்காமல் எழுந்து போனார். அன்றோடு அந்தச் சம்பந்தம் முறிந்தது.

அடுத்த வாரம் தெருவில் ஒரு சாவு. கோடிகள் வந்துவிட்டன. ராசாங்கம் வழக்கம்போலத் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு எழுந்தார். சொந்தத் தம்பி தங்கராசு சொன்னார்: "நீ உக்காருண்ணே." ராசாங்கம் உட்கார்ந்தார். இன்னொருவர் கூப்பிட்டார். வரிசை தப்பியது, இரண்டு பெயர் விட்டுப்போனது, ஆனாலும் அன்றைக்கு ஒருத்தரும் சண்டை போடவில்லை. வெற்றி பெண்கள் கூட்டத்தில் என் பக்கத்தில்தான் நின்றாள். கட்டுரையில் தன் பெயர் இல்லாதபோது அழாதவள், அன்றைக்கு என் தோளைக் கடித்துக்கொண்டு அழுதாள்.

வெளியிலிருந்து இனி எவன் வருவான் என்று மணிமொழியின் அம்மா இருசம்மாள், இதே தெருவில் இருக்கும் தன் அண்ணன் மகன் மணிவண்ணனுக்கே அவளைக் கொடுப்பது என்று முடிவு செய்தார். வெற்றிக்குத் தூக்கிவாரிப் போட்டது. சக்திக்குக் காது கேட்காததால் அந்தப் பழுது சித்தப்பா பக்கமும் சித்தி பக்கமும் இருப்பது நிச்சயம். மணிமொழிக்கும் இருக்கலாம், சித்தியின் அண்ணன் மகனுக்கும் இருக்கலாம். இருவரில் ஒருவருக்கு இல்லையென்று தெரிந்தாலும் பயமில்லை. மணிவண்ணன் எண் நாற்பத்திரண்டு. இரண்டு பேரின் ரத்தமும் சென்னையில் பார்த்து முடித்து எழுதி வைக்கப்பட்டிருக்கிறது.

கடைக்கு வந்து ஸ்பீக்கரில் போட்டு மேடத்தோடு பேசினாள். நான் முழுக்கக் கேட்டேன்.

"மேடம், பதினேழு, நாப்பத்திரெண்டு. ரெண்டே ரெண்டு நம்பர் மட்டும் சொல்லுங்க மேடம். கல்யாணம் வச்சிருக்காங்க."

"வெற்றி, அது ஆராய்ச்சி முடிவும்மா. ஆஸ்பத்திரி ரிப்போர்ட் கெடையாது. தனித்தனியா சொல்ல எங்களுக்கு அனுமதி இல்ல."

"சொல்லுவோம்னுதானே மேடம் என்னைய சொல்லச் சொன்னீங்க?"

மேடத்தின் குரல் குழைந்தது. "இங்க பாரு, அடுத்த கட்டத்துக்குப் பணம் ஒதுக்கிட்டாங்க. அந்தப் பேரு நோட்ட எடுத்துட்டு வா. இந்தத் தடவ உனக்குப் பிஎச்.டி. சீட்டு, கட்டுரைல மொதப் பேரே உன்னுதுதான். புதுப் பசங்ககிட்ட வந்து பேசு. உன்னைப் பாத்தாதான் அவங்களுக்கு நம்பிக்கை வரும்."

"ஊர் பேர ஏன் மேடம் பேப்பர்ல சொன்னீங்க?"

"அது அந்த ரிப்போர்ட்டர் பண்ண வேலைம்மா."

"அப்ப போட்டோ?"

மேடம் மீட்டிங் இருப்பதாகச் சொல்லி வைத்துவிட்டார். மொதப் பேரே உன்னுதுதான் என்று கேட்டபோது வெற்றியின் கண்ணில் ஒரு நொடி ஆசை வந்து போனதை நான் பார்த்தேன். அதை நான் தப்பென்று சொல்ல மாட்டேன். ஆனால் அவள் நோட்டைக் கொண்டுபோகவில்லை. அது ராசாங்கத்தின் டிரங்குப் பெட்டியில் பூட்டிக் கிடக்கிறது.

வேறு இடத்தில் சோதித்துப் பார்க்கலாம், செலவை நான் பார்க்கிறேன் என்று வெற்றி சித்தி வீட்டு வாசலில் போய் நின்றாள். இருசம்மாள் உள்ளே கூப்பிடவில்லை. "இன்னொரு தரம் ரத்தமா? ஒருதரம் குடுத்ததுக்கு ஊரே சிரிச்சது பத்தலியா பாப்பா?" என்றார். மணிமொழி கதவுக்குப் பின்னால் நின்றாள். தை மாதம் கல்யாணம் நடந்தது.

போன வாரம் கவியா என்று ஒரு பெண் கடைக்கு வந்தாள். நாங்கள் படித்த அதே கல்லூரி, அதே பாடம். போஸ்டரைக் காட்டி அந்த விண்ணப்பத்தைத்தான் போட வேண்டும் என்றாள். பஸ் மாற இறங்கிய வெற்றியும் அந்த நேரம் உள்ளே இருந்தாள். கவியா அவளையும் போஸ்டரையும் மாறி மாறிப் பார்த்து, "அக்கா, இது நீங்கதானே? போலாமாக்கா?" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் வெற்றி முந்திக்கொண்டாள்.

"போ. வேல நல்லா கத்துக் குடுப்பாங்க. பொய் இல்ல."

கவியாவுக்கு முகம் மலர்ந்தது. நிரப்பிக்கொண்டே வந்தோம். அந்தக் கட்டம் வந்தது. ஏன் ஆராய்ச்சி செய்ய விரும்புகிறீர்கள்? "எங்கம்மாச்சி வூட்டுப் பக்கம் நெறைய பேருக்கு..." என்று அவள் ஆரம்பித்தாள்.

"அத எழுதாத," என்றாள் வெற்றி. அவள் அவ்வளவு கடுமையாகப் பேசி நான் கேட்டதில்லை. "வேற எதாச்சும் எழுது. ஒன் வூட்டு விஷயத்த மட்டும் எழுதாத."

அதற்குள் செந்துறை பஸ் வந்துவிட்டது. மறுநாள் மணிமொழியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று சொல்லிக்கொண்டே ஓடினாள். தெருவில் என்னைத் தவிர வேறு யாரும் பேசாவிட்டாலும் மணிமொழி மட்டும் இப்போது அவளோடு பேசுகிறாள். அவளுக்கு இது ஏழாம் மாதம். ஸ்கேனில் குழந்தை நன்றாக இருக்கிறது, கை கால் எல்லாம் தெரிகிறது. காது கேட்குமா என்பது ஸ்கேனில் தெரியாது. பயப்பட வேண்டுமா என்று தெரிந்தவர்கள் சென்னையில் இருக்கிறார்கள். குழந்தை பிறந்ததும் தலைமாட்டில் நின்று கை தட்டிப் பார்க்கப்போவது வெற்றிதான்.