யுத்தநிறுத்தத்தில் விதைத்த வெள்ளாமை

பச்சையாக வெட்டிய நெற்கதிரில் பால் வாசனை வரும். பழுத்த வெள்ளாமையை வெட்டும்போது தும்மல் வரவைக்கிற காய்ந்த வாசனை அல்ல அது. புல்லும் பாலும் கலந்த, முற்றத்தில் குவித்து வைத்தால் மறுநாளே சூடேறிப் புளிக்கத் தொடங்குகிற வாசனை. காசாவில் தற்காலிக யுத்தநிறுத்தம் வரலாம் என்று தொலைக்காட்சி சொல்லத் தொடங்கியதிலிருந்து நாவற்குடாவில் என் வீட்டுக்குள் அந்த வாசனைதான் அடிக்கிறது, நானும் ஓரிடத்தில் இருக்க முடியாமல் எழும்பி எழும்பி நடந்துகொண்டிருக்கிறேன்.

டை கட்டிய நிபுணர்கள் வரிசையாக வந்து, பிணைக் கைதிகளை எப்போது விடுவார்கள், உணவு லொறிகளை எந்த வாசலால் விடுவார்கள், முதற்கட்டம் முடிந்தால் இரண்டாம் கட்டம் வருமா என்று அலசுகிறார்கள். அலசட்டும். பிடிபட்டுப்போன மகனுக்காகக் காத்திருக்கிற தாய்க்கும், கூடாரத்துக்குள் பிள்ளைகளோடு கிடக்கிற தாய்க்கும் அந்த அலசல் ஒன்றும் காதில் ஏறியிருக்காது. தற்காலிகம் என்றால் எவ்வளவு காலம், அதற்குள் எதைத் தொடங்கலாம், எதைத் தொடவே கூடாது என்பதைத்தான் அவர்களுக்கு யாராவது சொல்ல வேண்டும். இங்கே சண்டை நடந்த காலத்தில் எங்களுக்கும் அதைச் சொல்ல ஆளில்லை.

எங்கள் வீடு வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் இருந்தது, வயல் மேற்கே படுவான்கரையில். இரண்டுக்கும் நடுவே ஆட்களையும் சைக்கிள்களையும் மாடுகளையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கிற மிதவை ஒன்று ஓடியது. அதை நாங்கள் "பாதை" என்போம். சண்டை மூண்டால் "பாதை" ஓடாது, "வட்டை" என்று நாங்கள் சொல்லும் வயல்வெளி முழுவதும் புல் மூடிப்போகும். யுத்தநிறுத்தம் என்று வானொலி சொன்னதும் ஊரில் எவரும் சமாதானம் வருமா என்று கேட்டதாக எனக்கு நினைவில்லை. "எந்த நெல்ல விதைக்கிற?" என்றுதான் கேட்டார்கள். நம்பிக்கை உள்ளவர் நாலு மாத நெல்லை விதைப்பார், இல்லாதவர் மூன்று மாத நெல்லோடு நின்றுகொள்வார். வரப்பில் நின்று பயிரைப் பார்த்தே யார் யுத்தநிறுத்தத்தை எவ்வளவு நம்புகிறார் என்று எங்கள் ஊரில் சொல்லிவிடுவார்கள்.

அப்பா மூன்று மாத நெல்லைத்தான் விதைத்தார். கதிர் பால் பிடித்திருந்த நேரத்தில் எங்கோ துப்பாக்கிச் சூடு நடந்ததாம் என்று ஊருக்குள் ஒரு கதை வந்தது. அம்மாவுக்கு அதற்குமேல் தரிக்கவில்லை.

"இஞ்சாருங்க, கிடக்கிறத வெட்டிக்கொண்டு வந்திருவம். நெல்லு போனாப் போகட்டும், நீங்க அங்க மாட்டுப்பட்டா நான் என்ன செய்யிற?" என்று அழுது அழுதே காரியத்தைச் சாதித்துவிட்டார்.

வெட்டிக் கொண்டுவந்து காயவைத்துக் குத்திப் பார்த்தால் பாதிக்கு மேல் உள்ளே ஒன்றுமில்லாத சப்பி, மிச்சம் நொறுங்கிக் குறுணலாகிவிட்டது. யுத்தநிறுத்தமோ ஆடாமல் அசையாமல் நின்றது. மற்றவர்கள் ஆறுதலாக வெட்டி, சூடடித்து நெல்லைப் பிரித்து, மூட்டை மூட்டையாக "பாதை"யில் ஏற்றி எங்கள் வாசலைக் கடந்துதான் கொண்டுபோனார்கள். "என்னகா, மாட்டுக்குப் புல்லறுக்கிற மாதிரி வெள்ளாமைய அறுத்துப்போட்டீங்களாம்?" என்று அம்மாவைச் சீண்டாத பெண் ஊரில் இல்லை. அம்மா சிரித்துச் சமாளித்தார். அந்தப் போகம் முழுக்க எங்களுக்குக் கஞ்சிதான். அப்பா ஒரு வார்த்தை ஏசவில்லை, ஏசியிருந்தால் அம்மாவுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

அடுத்த போகத்துக்கு அப்பா நாலு மாத நெல்லை வாங்கி வந்தார். ஊரே அப்படித்தான் துணிந்திருந்தது. ஆனால் எங்கள் வீட்டில் ஒருவருக்கும் நிம்மதி இல்லை. சண்டைக் காலத்தில் பங்கருக்குள்ளேயே அடித்துப் போட்டதுபோல் உறங்கியிருக்கிறேன்; யுத்தநிறுத்தத்தில்தான் எனக்கு உறக்கம் வராமல் போனது. கோயிலில் வெடி போட்டாலும் அம்மா அடுப்பை விட்டு வாசலுக்கு ஓடுவார். ஓடுவதற்கென்று கட்டி வைத்த உடுப்பு மூட்டையை அவிழ்க்க விடமாட்டார், பள்ளிக்கூடச் சட்டையைக்கூட அதற்குள்ளிருந்துதான் எடுத்துப் போட்டுவிட்டு மறுபடி அதற்குள்ளேயே வைத்தோம்.

கதிர் பழுக்கத் தொடங்கியபோது மறுபடியும் அதே கதை வந்தது. வயல் வாடிக் குடிசையில் காவலிருந்த அப்பா அன்று வீட்டுக்கு வந்திருந்தார். அம்மா வாயைத் திறந்ததையும், ஒன்றும் சொல்லாமல் மூடிக்கொண்டதையும் நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

"முத்தட்டும் புள்ள. இந்த முறை முத்தினாப் பிறகுதான் வெட்டுற" என்றார் அப்பா.

"ஓம்" என்றார் அம்மா.

அப்பா "பாதை"யில் ஏறிப் போனார். அன்று பின்னேரமே படுவான்கரையில் பீரங்கிச் செல் விழத் தொடங்கியது, "பாதை" ஓட்டத்தை நிறுத்திவிட்டது. வெள்ளாமை நன்றாகத்தான் முற்றியதாம். வெட்ட ஆளில்லாமல் சேற்றில் உதிர்ந்ததாம். அப்பாவைக் கண்டதாகச் சொல்ல ஒருவரும் வரவில்லை, உடலும் கிடைக்கவில்லை.

இப்போது அந்தத் துறையில் பாலம் போட்டுவிட்டார்கள். "பாதை" போய்விட்டது, சண்டையும் முடிந்துவிட்டது, யுத்தநிறுத்தம் என்றால் என்னவென்று என் பிள்ளைகளுக்கு நான் விளக்க வேண்டியிருக்கிறது. எங்கள் வட்டையில் வேறு யாரோ விதைக்கிறார்கள். அம்மா என்னோடுதான் இருக்கிறார். அந்தப் பின்னேரத்தைப் பற்றி இத்தனை காலத்தில் அவர் ஒரு சொல் பேசியதில்லை, நானும் கேட்கப் பயந்து விட்டுவிட்டேன்.

நேற்று செய்தியில் காசாவின் கூடாரம் ஒன்றைக் காட்டினார்கள். அறிவிப்பு இன்னும் வரவில்லை, இன்றோ நாளையோ வரலாம் என்கிறார்கள். அதற்குள்ளேயே ஒருவர், வீடு மிஞ்சியிருக்கிறதா என்று முன்னால் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று புறப்பட்டு நிற்கிறார். அவருடைய மனைவி கைக்குழந்தையோடு கூடார வாசலில் நின்றாள், ஒன்றும் பேசவில்லை.

கதிரையில் சாய்ந்து உட்கார்ந்திருந்த அம்மா முன்னுக்கு வந்தார். "மறி மகள்" என்றார், தொலைக்காட்சியில் நின்ற அந்தப் பெண்ணைப் பார்த்து. "அவர விடாத. வாயத் துறந்து சொல்லு."

அந்த மனிதர் நடக்கத் தொடங்கினார். செய்தி வேறொன்றுக்குத் தாவியது. நான் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு அம்மாவின் கையைப் பிடித்தேன்.

"அப்பாவ மறிச்சிருந்தா ஏசியிருப்பார்" என்றார் அம்மா. "ஏசட்டுமே. ஏசுறதுக்கு மனிசன் இருந்திருக்கும்தானே?"