ஆனைக்குக் கழுத்தில், அப்பாவுக்குக் கையில்

விழுந்தால் எங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகவா அந்தப் பட்டையை அப்பாவின் கையில் கட்டினோம், அல்லது அவரைச் சூரியநெல்லியிலிருந்து இறக்க ஒரு காரணம் வேண்டும் என்பதற்காகவா?

தேயிலைத் தொழிற்சாலை வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின், அந்த மலையூரின் மேட்டில் சிறிய வீடொன்று கட்டியிருந்தார். அம்மா இறந்த பிறகும் அங்கேயே தனியாக இருந்தார். கொச்சியில் இருக்கும் அண்ணன் வாங்கி அனுப்பிய பட்டை, நடையையும் நாடித்துடிப்பையும் கணக்கிடும். அணிந்தவர் விழுந்தால் எங்கள் போனுக்குச் செய்தி அனுப்பும். நல்லேப்பிள்ளியிலிருந்து போய் நான்தான் கட்டிவிட்டேன். வாசலில் நின்ற பக்கத்து வீட்டு அக்கா சிரித்தார்.

“என்ன மாமா, பாரஸ்ட்டுக்காரவுக உங்களுக்கும் மாட்டிட்டாகளா?”

அப்பா சிரிக்காமல் என் பக்கம் திரும்பினார். “இங்கன சுத்துன ஆனைக்குக் கழுத்துல பெல்ட்டக் கட்டுனாக, லாரியில ஏத்தி வேற காட்டுல கொண்டு விட்டாக. எனக்கு லாரி எப்பம் வருதும்மா?”

ஆனாலும் அவர் அதைக் கழற்றவில்லை. நான் கட்டியது என்பதால் இருக்கலாம்.

மழைக்காலத்தில் ஒருநாள் காலை, அவர் விழுந்துவிட்டதாக எங்கள் இருவர் போனுக்கும் செய்தி வந்தது. அழைத்தால் அப்பா எடுக்கவில்லை. பக்கத்து வீட்டு அக்காவைப் போய்ப் பார்க்கச் சொன்னேன்.

“ஒண்ணுமில்லத்தா. மாமா வெறகு பொளந்துக்கிட்டு இருக்காக.”

கோடாலி இறங்கிய அதிர்வைப் பட்டை வீழ்ச்சி என்று எடுத்துக்கொண்டிருந்தது.

“நா விழலப்பா,” என்று அண்ணனிடம் அப்பாவும் சொன்னார்.

“சரிப்பா, இன்னைக்கு விழல. நாளைக்கு விழுந்தா யாரு தூக்குவா?”

அந்தக் கேள்வியை என்னாலும் எளிதில் ஒதுக்க முடியவில்லை. வழுக்கும் சரிவு, விடியலில் யானை நிற்கும் பாதை, ஜீப் கிடைத்தால்தான் ஆஸ்பத்திரி. எல்லாம் உண்மை. அப்பா விழவில்லை என்பதும் உண்மை. விழக்கூடும் என்பதற்காக, விழாத ஒருவரை இடம்பெயர்த்தோம்.

ஜீப் வந்து நின்றபோது, “லாரி வந்துட்டு,” என்றார். பட்டையைக் கழற்றட்டுமா என்று கேட்டேன்.

“கெடக்கட்டும். நா தொலைஞ்சு போனா நீங்க தேடணும்லா.”

இப்போது நல்லேப்பிள்ளியில் என்னோடு இருக்கிறார். சுற்றிலும் சமதரை, வயலும் வெயிலும். மாலையில் சற்று நடந்துவிட்டு வரச் சொன்னால், “இங்க எங்கத்தா போக?” என்கிறார். கட்டிலிலிருந்து கூடத்து நாற்காலிவரை நடக்கிறார். இங்கே வந்தபின் பட்டையிலிருந்து ஓர் எச்சரிக்கையும் வரவில்லை.