இரண்டு அறை, ஒரே குளவி

நான் ஆராய்ச்சி செய்த குளவியை யாரும் பார்த்ததில்லை. நானே ஒழுங்காகப் பார்த்ததில்லை. ஒரு முற்றுப்புள்ளியின் மேல் தாராளமாக உட்காரும். கொட்டாது, கூடு கட்டாது. பயிரைத் தின்னும் பூச்சி எங்கே முட்டையிட்டிருக்கிறது என்று மோப்பம் பிடித்துப் போய், அந்த முட்டைக்குள் தன் முட்டையை வைத்துவிடும். புழு வரவேண்டிய இடத்தில் குளவி வரும். அடுத்தவன் வீட்டில் குடியேறி, வீட்டுக்காரனையே தின்றுவிட்டுக் கிளம்பும் இந்த ஜந்துவுக்கு எங்கள் துறையில் ‘நன்மை செய்யும் பூச்சி’ என்று பெயர்.

“ஏட்டி, அவனவன் புள்ளைக பேங்குல சேருது. நீ என்னன்னா ஈ ஓட்டுத” என்பாள் அம்மா.

“ஈ இல்லம்மா, குளவி.”

“குளவின்னா சந்தோசந்தான். அந்தச் சவம் எப்பம் முடியும்?”

அப்பாவின் ரயில்வே உத்தியோகத்தால் வங்காளத்தில் பெஹாலாவுக்கு வந்து சேர்ந்த திருநெல்வேலிக் குடும்பம் நாங்கள். ஊரிலிருந்து வரும் ஒவ்வொரு ஜாதகத்துக்கும் ‘அவ படிப்பு முடியட்டும்’ என்று பதில் சொல்லிச் சொல்லி அம்மாவுக்கு வாய் வலித்துப்போயிருந்தது. மெட்ரோ ரயில் டாலிகஞ்சோடு நின்றுபோன காலம் அது. அங்கிருந்து ஆட்டோவில் நசுங்கிப் போனால் எங்கள் ஆய்வுக்கூடம். பெரிய பெயர், சின்னக் கட்டடம்.

என் வழிகாட்டிப் பேராசிரியரை எல்லோரும் ‘சார்’ என்றுதான் சொல்வோம். வங்காளி. மீன், கால்பந்து, குளவி மூன்றிலும் அவர் சொன்னதுதான் முடிவு. எத்தனையோ வருடமாக இரண்டு இனக் குளவிகளை வளர்த்துவந்தார். ஒன்று நெல் பூச்சிக்கு, இன்னொன்று கத்தரிக்காய் பூச்சிக்கு. நெல் அறை, கத்தரிக்காய் அறை என்று பக்கத்துப் பக்கத்தில் இரண்டு அறைகள், நடுவில் ஒரு கதவு. தட்டுகளில் அரிசி அந்துப்பூச்சியின் முட்டைகளைப் போட்டு வைப்போம். குளவிகள் அதில் பெருகும். அந்த முட்டைகளை அட்டையில் ஒட்டி விவசாயிகளுக்கு அனுப்புவார்கள்.

நெல் குளவி நெல் வாசனைக்கு ஓடும், கத்தரிக் குளவி கத்தரி வாசனைக்கு ஓடும் என்பது சாரின் கொள்கை. அதை நிரூபிப்பது என் தலைவிதி. நிரூபித்தும் விட்டேன். வரைபடம், அட்டவணை, எல்லாம் பிரமாதம். ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டியதுதான் பாக்கி. அப்போது வெளித் தேர்வாளர் ஒருவர், “இவை இன்ன இனம்தான் என்று டி.என்.ஏ. சோதனை செய்து சேர்க்கவும்” என்று முட்டுக்கட்டை போட்டார்.

அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. இந்தக் குளவிகளை வெளித்தோற்றத்தில் பிரித்தறிய முடியாது. ஆண் குளவியின் அந்தரங்க உறுப்பைக் கண்ணாடித் தகட்டில் நசுக்கி மைக்ராஸ்கோப்பில் பார்த்துத்தான் இனம் சொல்வார்கள். நான் படிப்பது இதைத்தான் என்று அம்மாவிடம் கடைசிவரை சொல்லவில்லை. சார் இதில் மன்னர். ஆனால் கண்ணில் புரை விழுந்தபிறகு பார்ப்பதை விட்டுவிட்டார். கதவில் பெயர் எழுதி ஒட்டியிருக்கும்போது உள்ளே போய் எதற்குப் பார்க்க வேண்டும் என்பது அவர் எண்ணம்.

டி.என்.ஏ.வைப் பெருக்குகிற இயந்திரம் புதிதாக வந்திருந்தது. வந்த மாதமே விஸ்வகர்மா பூஜை. வங்காளத்தில் அன்றைக்கு எந்த இயந்திரத்தையும் தொடக்கூடாது. லட்சக்கணக்கில் விலை கொடுத்து வாங்கிய கருவி, நெற்றியில் குங்குமமும் கழுத்தில் சாமந்தி மாலையுமாக, மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தது. மறுநாள் மாலையைக் கழற்றிவிட்டு என் குளவிகளை நசுக்கி உள்ளே விட்டேன். பிறகு அதைக் கூழ்த் தகட்டில் ஏற்றி மின்சாரம் பாய்ச்சி, புற ஊதா விளக்கில் பார்க்கவேண்டும். இனத்துக்கு இனம் கோடு வேறு உயரத்தில் நிற்கும்.

என்னுடைய கோடுகள் எல்லாம், நெல்லும் கத்தரியும், ஒரே உயரத்தில் நின்றன.

மறுபடி செய்தேன். மறுபடி அதேதான். இரண்டு அறையிலும் இருந்தது ஒரே இனம், கத்தரிக் குளவி. ஒரே குளவியை இரண்டு அறையில் வைத்து, இரண்டும் வேறு வேறு குணம் என்று நிரூபித்த மேதை நான். நெல் அறையில் ஏசி நேராக மேலே அடிக்கும். கத்தரி அறையில் வேர்த்து ஊற்றும். ஒன்று குளிரில் சுருண்டது, மற்றது புழுக்கத்தில் துள்ளியது. அவ்வளவுதான் என் கண்டுபிடிப்பு.

சாரிடம் சொன்னேன். “மெஷின் தப்பு” என்றார். “பூஜை முடிஞ்சு பூ வாடறதுக்குள்ள எடுத்து ஓட்டினா இப்படித்தான்.”

“சார், பழைய குளவிங்க ஆல்கஹாலில் இருக்கே, அதையும் பார்க்கட்டுமா?”

முகத்தைத் திருப்பிக்கொண்டு சாவியைக் கொடுத்தார். வருடவாரியாகக் குப்பிகளை எடுத்துச் சோதித்தேன். ஆரம்பத்தில் கோடுகள் இரண்டு உயரத்தில்தான் நின்றன. நான் சேருவதற்கு முந்தைய வருடம், துர்கா பூஜைக்கு அப்புறம், ஒன்றாகிவிட்டன.

கோடுகளைப் படம் எடுத்துச் சாரிடம் காட்டினேன். காரணம் அவருக்குத்தான் தெரிந்திருந்தது, சொன்னார். பூஜை நாட்களில் ஆய்வுக்கூடம் பூட்டிக் கிடக்கும். காவலாளிகூடப் பந்தல் பார்க்கப் போய்விடுவார். அந்த நாட்களுக்கு எல்லாத் தட்டுகளையும் ஜெனரேட்டர் உள்ள ஒரே அறைக்கு மாற்றி, துணி போட்டு மூடிவிட்டுப் போவது சாரின் வழக்கம். எந்தத் துணி அந்தக் குளவியைத் தடுக்கும்? ஒரு வருடம் கத்தரிக் குளவிகள் புகுந்து, நெல் குளவிகளுக்கு வைத்த முட்டைகளை எல்லாம் தாங்களே பிடித்துக்கொண்டு வம்சத்தையே முடித்துவிட்டன. திரும்பி வந்தவர்கள் தட்டுகளைப் பழைய அறைகளில் வைத்து, பழைய பெயரை ஒட்டிக்கொண்டார்கள்.

“ஷோனோ, இங்க கேளு” என்று குரலைத் தாழ்த்தினார். “நானும் இன்னும் கொஞ்ச நாளில் ரிட்டயர் ஆகப்போறேன். உன் தீசிஸும் முடிஞ்சாச்சு. குளவி வந்து சாட்சி சொல்லப்போறதில்ல.”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. “நெல்லுக்காரங்க நம்ம அட்டையைக் கட்டிட்டுக் காத்திருக்காங்க சார். அவங்களுக்கு என்ன சொல்றது? ஊர் சிரிச்சா சிரிக்கட்டும், நான் படத்தைக் காட்டத்தான் போறேன்” என்றேன். வாசல்வரை வீராப்பு. ஆட்டோவில் அழுதேன். பக்கத்தில் இருந்த அம்மாள் தன் மடியிலிருந்த முருங்கைக்காயை நகர்த்திக்கொண்டு எனக்கு இடம் விட்டாள்.

கருத்தரங்கில் படத்தைப் போட்டேன். “தட்டுகளை மாற்றியது யார்?” என்று வெளித் தேர்வாளர் கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் முன்வரிசையில் சார் கையைத் தூக்கினார். பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி, முழங்கையை மடக்காமல். எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது.

அதற்காக யாரும் பட்டம் தரவில்லை. வயலிலிருந்து புதிதாக இரண்டு இனத்தையும் பிடித்து வந்து, டி.என்.ஏ. பார்த்து, முதலிலிருந்து சோதனையைச் செய்யவேண்டும். தவணை ஒரே ஒரு முறைதான். அதற்குள் ஏதாவது ஓர் இனம் செத்தாலோ கலந்தாலோ பதிவு ரத்து.

“ஊருல என்னத்தட்டி சொல்லுவேன்?” என்றாள் அம்மா. “குளவி கலப்புக் கல்யாணம் பண்ணிக்கிட்டுன்னு சொல்லவா?”

“கல்யாணம்கூட இல்லம்மா. ஒண்ண ஒண்ணு முழுங்கிட்டு.”

“அதத்தான் நானும் சொல்லுதேன்” என்றாள்.

இந்த முறை சட்டம் ஒன்றை நானே போட்டேன். ஓர் அறைக்குள் போனவர் அன்றைக்கு மற்ற அறைக்குள் போகக்கூடாது. தலைமுடியில் ஒரு குளவி போதும், குடி கெடுக்க. நெல் அறையை உதவியாளர் பார்த்துக்கொண்டார், கத்தரி அறையை நான். சார் ஓய்வுபெற்றுப் போனார். எல்லாம் ஒழுங்காக நடந்து, அடுத்த துர்கா பூஜையும் வந்து தொலைத்தது. உதவியாளர் வங்காளி. பூஜைக்கு நிற்கச் சொன்னால் வேலையையே விட்டுவிடுவார். தட்டுகளை மாற்றவும் முடியாது. ஒற்றை ஆளாக இரண்டு அறைக்கும் போகவும் முடியாது. தினமும் புது முட்டை வைக்காவிட்டால் எந்தக் குளவியும் பூஜை முடிவதற்குள் செத்துவிடும். அம்மாவைக் கேட்டேன். “நான் பந்தல் பாக்கப் போணும்ட்டி” என்றாள்.

அஷ்டமி காலை. தெருவெல்லாம் தாக் மேளம். நான் கட்டடத்தைத் திறந்து, இரண்டு அறைக்கும் வெளியே நடையில் நின்றுகொண்டு, இரண்டில் எந்த இனத்தைச் சாகவிடுவது என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். பின்னால் செருப்புச் சத்தம். சார். புது வேட்டி, புதுப் பஞ்சாபி ஜிப்பா, கையில் ஒரு சாப்பாட்டு டப்பா. தன் தெருப் பந்தலில் அஷ்டமிப் புஷ்பாஞ்சலியை அவர் ஆயுசில் ஒரு தடவைகூட விட்டதில்லை. அது இந்நேரம் அங்கே நடந்துகொண்டிருக்கும்.

“சார், நீங்க ரிட்டயர் ஆயிட்டீங்க” என்றேன்.

“தெரியும். நெல்லு ரூம் எனக்கு” என்றார். புதுப் பஞ்சாபியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வெள்ளைக் கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டார். “நீ உன் கத்தரிக்காயைப் பாரு. சாயங்காலம்வரை இந்தப் பக்கம் வராதே. சாப்பாட்டை ஜன்னல் வழியாத் தரேன்.”

உள்ளே போய்க் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்.