மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம்

டோல்வே என்ற சுங்க நெடுஞ்சாலையை ஒட்டிய சாலையில் நடைபாதை கிடையாது. புல்லின் மேல் நடந்தேன். தோளில் ஒரு பை. அதற்குள் இரண்டு ஜோடி உடையும் ஒரு போர்வையும் ஷேவிங் சாமானும். பிளானோ ஊரின் கண்ணாடிக் கட்டடங்கள் பின்னால் போய்க்கொண்டிருந்தன. காரில் போன ஒருவர் வேகத்தைக் குறைத்து, என் வண்டி எங்காவது பழுதாகி நிற்கிறதா என்று தேடிவிட்டுப் போனார். டெக்சாஸில் ஒருவன் நடக்க வேறு காரணம் இருக்க முடியாது.

அன்று பிற்பகல் வரை ஒரு டீக்கடையில் வேலை பார்த்தேன். ஒன்பதாவதோடு பள்ளியை விட்டுவிட்டு, கப்பல் சமையலறை, நியூஜெர்சியில் ஒரு ஹோட்டல் என்று சுற்றியவனுக்கு அந்தக் கடையின் பின்னறையில் படுக்க இடம் கிடைத்திருந்தது. வேலை போனால் படுக்கையும் போகும்.

அந்த ஆண்டு ஊர் கவுன்சில் விதியை இறுக்கியது. கடை வாசலிலிருந்து குறிப்பிட்ட தூரத்துக்குள் சிகரெட் கூடாது, வேப் என்கிற மின்சிகரெட்டும் கூடாது. மீறினால் கடைக்கு முதலில் எச்சரிக்கை, பிறகு அபராதம். ரோட்டைத் தாண்டினால் வேறு ஊர், அங்கே வேறு விதி. முதலாளி மதுரைக்காரர். டேப் பிடித்து அளந்து பார்க்கிங்கில் மஞ்சள் கோடு போட்டார். புகைப்பவர்களைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் அனுப்புவது என் வேலை. ஐ.டி. ஆட்கள் வேப்பைக் காட்டி, இது வெறும் ஆவிதானே என்று வாதாடுவார்கள். இட்லிப் பானையிலிருந்து வருவதும் ஆவிதான், அதையும் வெளியே தூக்கி வைப்பீர்களா என்று ஒருவர் கேட்டார். கேட்டுவிட்டு அவரும் அந்தப் பக்கம் போய்த்தான் நின்றார். எல்லோரும் டீயை வாங்கிக்கொண்டு அங்கே போய்விட, வாசலில் இருந்த பேச்சு ஓய்ந்துபோனது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் மட்டும் நின்றேன்.

என்னிடம் தினமும் பேசியவர் ஒருவர்தான். மகன் வீட்டுக்கு விசிட்டர் விசாவில் வந்திருந்த கோயமுத்தூர்ப் பெரியவர். பகலில் அந்த வீட்டில் யாரும் இருக்கமாட்டார்கள். மதியம் நடந்து வந்து, சாப்பிட்டாயிற்றா என்று என்னைக் கேட்பார்.

அன்று கூட்டம் குறைந்ததும் கோட்டுக்கு அந்தப் பக்கம் போய் ஒரு சிகரெட் பற்றவைத்தேன். சட்டப்படி சரியான இடம். பாதியில் பெரியவர் தூரத்தில் வருவது தெரிந்தது. அவர் முன்னால் எப்படிப் பிடிப்பது? பாதி சிகரெட்டைக் கீழே போடவும் மனம் வரவில்லை. உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டு, கோட்டைத் தாண்டி, கதவைத் திறந்து கடைக்குள் போய் நின்றேன். சட்டையில் அடையாள அட்டை மாட்டிய ஒருவர் கல்லாவில் முதலாளியோடு பேசிக்கொண்டிருந்தார். ஊர் அலுவலகத்திலிருந்து வந்த ஆய்வாளர். என் விரலிடுக்கில் புகை எழுந்தது.

அவர் கோபப்படவில்லை. மரியாதையாகவே எச்சரிக்கையை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

“மத்தவய்ங்கள வெரட்டத்தானடா உன்ன நிக்க வச்சிருக்கேன்?” என்றார் முதலாளி. “நீயே உள்ள வந்து ஊதுற. பில்டிங்காரன் லீஸ கேன்சல் பண்ணிட்டா என் பிள்ளைகுட்டி எங்கடா போகும்? இன்னைக்கே கெளம்பிரு.”

காரணத்தைச் சொல்லியிருக்கலாம். சொன்னாலும் அந்த எச்சரிக்கை இல்லாமல் போய்விடாது. பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். பெரியவர் பார்க்கிங்கில் நின்றிருந்தார். கண்ணாடி வழியாக எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார்.

“ஏனுங்க தம்பி, என்னையப் பாத்துத்தான் உள்ள போனீங்களா?”

“ஆமாங்கய்யா.”

“அடப் போங்க. பையன் வீட்டுல தொடவே கூடாதுன்னுட்டாங்க. உங்ககிட்ட ஒண்ணு கேட்டு வாங்கலாம்னுதான் வெரசா வந்தனுங்க.”

ஒன்று கொடுத்தேன். கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று இருவரும் புகைத்தோம். முடித்ததும், வீட்டுக்கு வந்துவிட்டுப் போங்கள் என்று தொடங்கினார். அது தன் வீடு இல்லை என்பது நினைவுக்கு வந்ததுபோல நிறுத்திக்கொண்டார். நான் கும்பிட்டுவிட்டு நடந்தேன்.

ரயிலில் இர்விங் என்ற அடுத்த ஊருக்குப் போய்ச் சேர்ந்து, ஓர் அபார்ட்மெண்டின் துணி துவைக்கும் அறையில் படுத்தேன். காலையில் அங்கே பராமரிப்பு வேலை பார்க்கும் மெக்சிகோக்காரர் எழுப்பி, வெளியே போகச் சொன்னார். வேலை ஏதும் இருக்கிறதா என்று கேட்டேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, பெருக்க ஆள் வேண்டும், இன்றே தொடங்கலாம் என்றார். தங்க இடம் உண்டா என்று கேட்டேன். அது வேலையில் சேராது, இந்த அறையிலும் இனி படுக்கக் கூடாது என்றார். சரி என்று துடைப்பத்தை வாங்கிக்கொண்டு, முதல் கட்டடத்தின் மாடிப்படியிலிருந்து பெருக்கத் தொடங்கினேன்.